வகுப்பறையில் வீடியோ: கோடு எங்கே?

தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. பெயர் ராமேஸ்வரி. பாடத்துக்குத் தேவையான புத்தகப் பக்கங்களை நகலெடுத்து, தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பெரும் பதிப்பகங்கள் அந்தக் கடையையும் பல்கலைக்கழகத்தையும் கோர்ட்டுக்கு இழுத்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை தெய்வம் தந்ததோ இயற்கை தந்ததோ அல்ல என்றார் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா. பயிற்றுவித்தல் வகுப்பில் மணி அடித்ததும் முடிந்துவிடுவதல்ல என்பதும் அவர் கருத்து. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் பெற்றன.

அது காகிதத்தின் கதை. இன்று பல வகுப்புகளில் கரும்பலகைக்குப் பக்கத்தில் திரை. இதயம் துடிப்பதை விளக்க ஓர் ஆசிரியை யூடியூப் வீடியோவைப் போட்டுக் காட்டினால் குற்றமா?

இல்லை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. கல்வி நிறுவனத்தின் பணிகளின்போது ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், அப்பணிகளில் தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி படம் காட்டலாம். சட்டத்தின் பார்வையில் வீடியோவும் சினிமாதான். பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதும் மீறல் அல்ல. எழுத்து, நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றுக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை, 2012 திருத்தத்தில் எல்லாப் படைப்புகளுக்கும் விரிந்தது.

ஆனால் சட்டம் வேறு, ஒப்பந்தம் வேறு. தளம் அனுமதிக்காத வீடியோவை டவுன்லோடு செய்வதை யூடியூபின் நிபந்தனைகள் தடுக்கின்றன. இணைய இணைப்பு இருந்தால் நேரடியாக ஓடவிடுவதே பாதுகாப்பு.

உண்மையான சிக்கல் வகுப்புக்கு வெளியே. அதே பாடத்தைப் பதிவுசெய்து, அந்த வீடியோவோடு சேர்த்துப் பள்ளியின் சேனலில் ஏற்றினால் பார்வையாளர் மாணவர் மட்டுமல்ல, ஊர் உலகம். அங்கே படம் காட்டும் சலுகை துணைக்கு வராது. உரிமையாளர் புகார் செய்தால் வீடியோ நீக்கப்படலாம். 90 நாட்களுக்குள் மூன்று ‘ஸ்ட்ரைக்’ விழுந்தால் சேனலே போகலாம். தெரிந்தே மீறுவோருக்கு 63-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

பொதுவெளியில் ஏற்ற வேண்டிய பாடங்களுக்கு ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் வரும் வீடியோக்கள் நல்ல வழி. யூடியூபில் அவற்றை மட்டும் பிரித்துத் தேட முடியும். படைத்தவர் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், பணம் தர வேண்டியதில்லை.

எதற்கு வம்பு என்று திரையை அணைத்துவிடும் ஆசிரியர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: வகுப்பில் காட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. நஷ்டம் மாணவருக்கு.