உங்களுக்குத் தெரியுமா? உப்பு போகும் வழி

உப்பு நீக்கம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு மீஞ்சூரும் நெம்மேலியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ‘டீசால்ட்’ என்ற வினைச்சொல்லை அன்றாடம் புழங்குகிறவர்களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காரர்களும் உண்டு. கடல்நீரைக் குடிநீராக்குகிறவர்கள் செய்வது டீசாலினேஷன். கச்சா எண்ணெய்க்காரர்கள் செய்வது டீசால்டிங், அதற்கென இருக்கும் கலத்தின் பெயர் டீசால்டர்.

எண்ணெயில் உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நிலத்தடியில் எண்ணெயோடு உவர்நீரும் சேர்ந்தே கிடக்கிறது. எண்ணெயை மேலே எடுக்கும்போது அந்த நீர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக அதில் கலந்துவிடுகிறது. சோடியம் குளோரைடு மட்டும் இருந்தால் அவ்வளவு தொல்லை இல்லை. உடன் வரும் மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள்தாம் வம்புக்காரர்கள். உலையின் சூட்டில் இவை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்குகின்றன. அது காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் உச்சிவரை போய், அங்கே ஆவி குளிர்ந்து நீராகும் இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, இரும்பை அரித்துத் தின்கிறது.

இந்த உப்பை எடுக்க எண்ணெயில் இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் கலக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. சூடாக்கிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு போல நல்ல தண்ணீரை விட்டு, ஒரு வால்வு வழியாக நெருக்கி அனுப்பினால் இரண்டும் நன்றாகக் கலக்கும். உப்பு அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். பிறகு படுக்கைவாட்டில் கிடக்கும் பெரிய உருளைக் கலத்துக்குள், ஆயிரக்கணக்கான வோல்ட் மின்புலத்தின் ஊடாக அனுப்புவார்கள். சிறு துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, கனம் தாங்காமல் அடியில் தங்கும். மேலே எண்ணெய், கீழே உப்புத் தண்ணீர். எஞ்சிய உப்பை இந்தத் தொழிலில் இன்றும் ‘ஆயிரம் பீப்பாய்க்கு எத்தனை பவுண்டு’ என்றுதான் கணக்கிடுகிறார்கள். மெட்ரிக் அளவை அங்கே இன்னும் முழுதாகக் கால் வைக்கவில்லை.

மணலியில் உள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனம் தன் தேவைக்காகக் காட்டுப்பள்ளியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையும் வைத்திருக்கிறது. எண்ணெயிலும் உப்பு எடுக்கிறார்கள், கடலிலும் எடுக்கிறார்கள்!

•

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைச் சவ்வு வழியாக வடிகட்ட, காற்றழுத்தத்தைப் போல 60 மடங்கு அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த சவ்வுக்கு இரண்டு பேரின் பெயர் உண்டு: லோப்–சௌரிராஜன். சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அதை உருவாக்கினார்கள். பொருள் ஒன்றும் அபூர்வமானதில்லை, செல்லுலோஸ் அசிடேட்தான். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், அடியில் நுண்துளைகள் நிறைந்த தாங்கி என்று இரண்டடுக்காக அமைத்ததில்தான் சூட்சுமம். உப்பை மறிக்கும் வேலை அந்த மெல்லிய தோலுக்கு மட்டும் என்றானதால் தண்ணீர் வேகமாக இறங்கியது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் இந்த முறையில் குடிநீர் எடுத்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ‘ஆர்ஓ’ பெட்டி இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

•

பிச்சாவரத்துக்குப் படகில் போகிறவர்கள் வெண்கண்டல் இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியே உள்ளே நுழைந்த உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. வெயிலில் அது பொடியாகப் படிந்திருக்கும். பக்கத்திலேயே நிற்கும் சுரபுன்னை இன்னும் கெட்டி. அது வாசலிலேயே, அதாவது வேரிலேயே, பெரும்பகுதி உப்பை மறித்துவிடுகிறது. இலையில் நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசை தண்ணீரை மட்டும் உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது. ஆலையில் பம்பு தள்ளுகிறது, இங்கே மரம் இழுக்கிறது. மின்கட்டணம் இல்லை.

கடற்பறவைகளுக்கு இந்த வேலைக்குக் கண்ணுக்கு மேலே தனிச் சுரப்பி. கடல் காகத்தின் அலகு நுனியில் சொட்டும் துளி, கடல்நீரைவிட அதிகம் கரிக்கும்.

•

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் உப்பு நீக்கும் வைத்தியம் நடக்கிறது. உப்புக் காற்றில் வரும் ஈரம் கல்லின் நுண்துளைகளுக்குள் போகிறது. காயும்போது உப்பு படிகமாகிப் பருத்து, கல்லின் மேற்பரப்பை உள்ளிருந்தே பொரிய வைக்கிறது. தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் காகிதக் கூழைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் அப்புகிறார்கள். கூழின் ஈரம் கல்லுக்குள் இறங்கி உப்பைக் கரைக்கும். கூழ் காயக் காய, கரைந்த உப்பு வெளியே இழுக்கப்பட்டுக் காகிதத்தில் தங்கும். காய்ந்த கூழை உரித்தெடுத்துவிட்டு, உப்பு வருவது குறையும்வரை மறுபடி அப்புவார்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால் இது ஒருமுறை செய்து முடித்துக் கைகழுவும் வேலை இல்லை. அடுத்தமுறை அந்தக் கோயிலுக்குப் போகும்போது சிற்பங்களின் மழுங்கிய முகங்களைப் பாருங்கள், மிச்சத்தைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு என்று புரியும்.

•

லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் இயங்கும் ஆலையில் சவ்வே கிடையாது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அமைத்தது அது. மேல்மட்டக் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்து நீரோ சில்லென்று இருக்கிறது. காற்றை உறிஞ்சியெடுத்த கலத்தில் மேல்நீரை விட்டால், கொதிக்க வைக்காமலே ஒரு பகுதி ஆவியாகிறது. ஆழத்து நீரின் குளிர்ச்சியில் அந்த ஆவி நன்னீராகிறது. நாளுக்கு 1 லட்சம் லிட்டர் கொள்ளளவு, குடிநீருக்குத் தவித்த தீவுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

•

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் ‘டீசால்டிங் காலம்’ என்றொரு குழாய் உண்டு. உள்ளே துளைகள் நிறைந்த நுண்மணிகள். புரதமும் உப்பும் கலந்த கரைசலை ஊற்றினால், உப்பு போன்ற பொடி மூலக்கூறுகள் ஒவ்வொரு மணியின் துளைக்குள்ளும் புகுந்து புறப்பட்டுத் தாமதமாக வரும். உடம்பு பெருத்த புரதம் துளைக்குள் நுழைய முடியாமல் மணிகளுக்கு இடையிலேயே நழுவி முதலில் வந்துவிடும். குண்டாக இருப்பவர் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கும் ஒரே மைதானம் இதுதான்!

•

மண்ணில் உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி, வடிகால் வெட்டி வடித்தால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வெறும் தண்ணீருக்கு மசியாது. ஜிப்சம் போட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்த்த பிறகுதான் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். கூடவே தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நம் விவசாயிகளின் வழக்கம்.

•

கடைசியாக, குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடச் சொல்வார்களே? கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சுவதில்லை. உப்பும் தண்ணீருமாகச் சேர்த்தே குடிக்கிறது. மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும், அளவுதான் குறையும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுகிறோமே, அது உண்மையான உப்பு நீக்கம். போர்ச்சுக்கல்காரர்கள் உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஒரு நாளுக்கும் மேல் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றித்தான் கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சமைக்கிறார்கள். குழம்புக்குத் தண்ணீர் மாற்ற வழியில்லை. அளவைக் கூட்டுங்கள், கொஞ்சம் தேங்காய் அரைத்து விடுங்கள். உருளைக்கிழங்கைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளலாம்.