அக்ராசனர் இல்லாத சபை

திருத்தணி மலையடிவாரத்துக் காப்பிக் கடையொன்றில் சென்ற வாரம் டெலிவிஷன் விவாதம் ஒன்றைக் கேட்க நேர்ந்தது. நால்வர் ஏககாலத்தில் பேசினர். நடத்துபவரோ அந்நால்வரையும்விட உரக்கப் பேசினார். எவருடைய கட்சி என்னவென்று விளங்குமுன்பே கடையிலிருந்தோர் எழுந்து போய்விட்டனர்.

1888-ஆம் வருஷத்தில் இவ்வூரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1952 முதல் 1962 வரை ராஜ்ய சபையின் முதல் அக்ராசனராக விளங்கினார். அச்சபையில் அங்கத்தினர் எதிரியை நோக்கியல்ல, அக்ராசனரை நோக்கியே பேசவேண்டும்; அவர் எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும். இத்தகைய அதிகாரமுடையவர் வாதத்தில் கட்சி சேரலாகாது. டெலிவிஷனிலோ அக்ராசனரும் அவரே, எதிர்வாதியும் அவரே, கெடிகாரமும் அவர் கையிலேயே!

குறுக்கு விசாரணையின் கடுமை வக்கீலாகிய நமக்குப் புதிதன்று. ஆயினும் சாட்சியை அவமதிப்பதற்கென்றே கேட்கும் கேள்வியைக் கோர்ட்டு தடுக்கவேண்டும் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2023-ஆம் வருஷத்துப் புதுச் சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. டெலிவிஷனில் அந்த நீதிபதி எங்கே?

நடத்துபவரே சர்வ வல்லமை படைத்தவர் என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. 2004-இல் பி.பி.ஸி.யின் பேட்டியில் ஸ்ரீ கரண் தாப்பரின் கேள்விகளுக்குக் கடைசிவரை இருந்து பதிலளித்த முதன் மந்திரி செல்வி ஜெயலலிதா, தமது அதிருப்தியை நேருக்கு நேர் சொல்லிவிட்டு நமஸ்தே கூறி விடைபெற்றார். 2007-இல் அதே தாப்பர் குஜராத்தில் 2002-இல் நடந்த கலவரத்தைப் பற்றிக் கேட்கவே, அப்போது அம்மாகாண முதன் மந்திரியாயிருந்த ஸ்ரீ நரேந்திர மோடி சில நிமிஷங்களிலேயே தண்ணீர் கேட்டுப் பேட்டியை முடித்துக்கொண்டார். உயிர்ச்சேதம் பற்றி ஆட்சி நடத்துவோரைக் கேட்பது அநியாயமன்று, கேட்கவே வேண்டும்.

ஆனால் மந்திரி எழுந்து போகலாம். மறுமுறை தமக்கு இசைந்தவரிடம் மட்டும் பேசலாம். சிறு கட்சிக்காரர் எழுந்துபோனால் அடுத்த அழைப்பு வராது. குறுக்கீட்டின் பாரமெல்லாம், எழுந்துபோக வழியில்லாதவர் தலையிலேயே விழுகிறது. நம்மை உறுத்துவது கூச்சலன்று, இதுவே.

பிரான்ஸ் தேசத்தில் 2022-இல் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட மாக்ரோனும் லெ பென்னும் வாதிட்டபோது, ஒவ்வொருவரும் பேசிய நேரம் திரையிலேயே காட்டப்பட்டது. நமது கம்பெனிகளும் அவ்விதம் செய்யட்டும். நடத்துபவர் பேசிய நிமிஷங்களுக்கும் ஒரு கெடிகாரம் வைக்கட்டும். கிரிக்கெட் ஓட்டங்களைப் பந்துக்குப் பந்து திரையில் காட்டுவோருக்கு இது பெரிய சிரமமா?