கடைமடைக்கு எட்டாத இணையம்

நமது கிராமங்களில் இன்று பல இல்லங்களுக்கு இணைய வசதி வந்துள்ளது. ஊராட்சிகளைக் கண்ணாடியிழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. பட்டா நகல் பெறுவதற்கும் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கும் இணையம் இன்றியமையாததாகிவிட்டது.

ஆயினும், முன்கட்டில் கிடைக்கும் இணையம் பின்கட்டில் கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்கவே வைஃபை நீட்டிப்புக் கருவியை வாங்கிப் பொருத்துகிறோம். சில வேளைகளில் கைபேசியில் வைஃபை குறி முழுமையாகத் தெரியும். ஆனால் ‘இணையம் இல்லை’ என்ற அறிவிப்பும் உடன் வரும். விண்ணப்பத்தின் இறுதி நாளன்று இவ்வாறு நேருமாயின், ஒரு மாணவியின் ஓராண்டே வீணாகக்கூடும். கருவி பழுதாயிற்று என்றெண்ணி வேறொன்று வாங்குவோரும் உளர். பெரும்பாலும் அது வீண் செலவேயாகும்.

நீட்டிப்புக் கருவி இணையத்தைத் தானே உண்டாக்குவதில்லை. ரூட்டரிடமிருந்து பெற்றதையே நமக்கு வழங்குகிறது. கைபேசியில் காணும் குறி, கைபேசிக்கும் அக்கருவிக்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். அதற்கு அப்பாலுள்ள நிலையைக் காட்டாது. கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் உழவர் மதகிலிருந்தே பார்த்து வருவார். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

முதலாவதாக, கைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, ரூட்டரின் அருகில் நின்று, ரூட்டரின் வைஃபையிலேயே இணையம் வருகிறதா எனக் காண்க. அங்கும் இல்லையெனில் நீட்டிப்புக் கருவி குற்றமற்றது. கண்ணாடியிழைப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளிக்கம்பியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இணைப்பு வழங்கியவரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, இடத்தைக் கவனித்தல் வேண்டும். இணையம் எட்டாத அறையிலேயே கருவியைப் பொருத்துவது நாம் பெரிதும் செய்யும் தவறு. அங்கு அதற்கே அலை எட்டாதபோது, அது எதனை நமக்கு வழங்கும்? ரூட்டருக்கும் அவ்வறைக்கும் நடுவில் அதனைப் பொருத்துக. தடித்த சுவர், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலைகளைத் தடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. எனினும் சுவர்களைக் கடப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையே சிறந்தது.

மூன்றாவதாக, ரூட்டரின் கடவுச்சொல்லை அண்மையில் மாற்றினோமா என நினைவுகூர்க. மாற்றியிருப்பின், நீட்டிப்புக் கருவி பழைய சொல்லையே வைத்துக்கொண்டு வாயிலில் நிற்கும். புதிய சொல்லை அதற்கும் அளித்தல் வேண்டும்.

நான்காவதாக, மின்சாரம் தடைப்பட்டு மீண்டபின் இக்கோளாறு தோன்றுவதுண்டு. அனைத்தையும் நிறுத்தி, முதலில் கண்ணாடியிழைப் பெட்டியையும், அடுத்து ரூட்டரையும், சில நிமிடங்கள் கழித்து நீட்டிப்புக் கருவியையும் இயக்குக. ஒவ்வொரு சாதனத்திற்கும் ரூட்டர் ஒரு முகவரி எண் வழங்குகிறது. கணினியில் அவ்வெண் 169.254 எனத் தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் வந்து சேரவில்லை என அறியலாம்.

இவை யாவும் பயன்தராவிடில், கருவியின் சிறு துளையிலுள்ள பொத்தானைக் குண்டூசியால் சில விநாடிகள் அழுத்தி, ஆதி நிலைக்குக் கொணர்ந்து, ரூட்டரின் அருகிலேயே வைத்துப் புதிதாக இணைத்துப் பார்க்கலாம். அதன் பின்னரும் இயங்காவிடில் மட்டுமே வேறு கருவி பற்றி எண்ணுதல் தகும். கம்பி இழுக்க வழியுள்ள இல்லங்களில் ரூட்டரிலிருந்து ஈதர்நெட் கம்பி கொண்டு செல்வதே உறுதியான வழி. அது 100 மீட்டர் வரை பயன்தரும்.

கடைக்குச் செல்லுமுன் மதகைப் பார்ப்போம். பணமும் மிஞ்சும், நம் பிள்ளைகளின் காரியமும் தடைப்படாது.