ஒலிக்காத மணியை எப்படி நம்புவது?

மின்விசிறி பழுதானால் அடுத்த நிமிடமே வியர்வை சொல்லிவிடும். லிஃப்ட் நின்றால் குடியிருப்பே கூச்சல் போடும். கூரையில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்மோக் டிடெக்டர் பழுதானால் யாருக்கும் தெரியாது. நன்றாக இருக்கும் உணரியும் செத்துப்போன உணரியும் கீழிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுதான். இரண்டும் சும்மாதான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்து, தேவைப்படும் ஒரே நாளில் தவறாமல் கத்தவேண்டிய கருவி அது. அதன் மௌனத்தை எப்படி நம்புவது? தீ எச்சரிக்கை அமைப்பின் பொறியியலில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் உணரியின் உள்ளே பார்ப்போம். இன்று அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் அதிகம் இருப்பது ஒளியால் இயங்கும் வகை. உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு சின்ன அறை. அதில் அகச்சிவப்பு ஒளி வீசும் எல்.இ.டி. ஒன்று, ஒளியை உணரும் டையோடு ஒன்று. இரண்டும் நேருக்கு நேர் பார்க்காதபடி கோணம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். சுத்தமான காற்றில் விளக்கின் ஒளி டையோடை எட்டாது. ஓட்டுக்கூரையின் இடுக்கில் இறங்கும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, உள்ளே நுழையும் புகைத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியில் கொஞ்சம் டையோடின்மேல் பட்டதும் உணரி விழித்துக்கொள்கிறது.

இன்னொரு வகை, அயனியாக்க உணரி. 1930களில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சு வாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். வாயுவுக்கு அசையாத முள், சலித்துப்போய் அவர் பற்றவைத்த சிகரெட்டின் புகைக்கு அசைந்தது என்று சொல்வார்கள். இவ்வகை உணரிக்குள் அணுவளவு அமெரிசியம்-241 இருக்கும். அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய சுமார் 432 ஆண்டுகள் ஆகும். ஆனாலும் வீட்டு உணரிகளை 10 ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள். அமெரிசியம் அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள மின்னணுப் பாகங்கள் மூப்படைந்துவிடும்.

உணரி சரியாக இருந்தாலும், அதன் செய்தியைக் கொண்டுபோகும் கம்பி அறுந்திருக்கலாம். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி மிக எளியது. உணரிகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பேனலிலிருந்து கிளம்பி அவற்றைத் தொட்டுச் செல்லும் கம்பியின் கடைக்கோடியில் ஒரு மின்தடையை வைத்துவிடுவார்கள். 24 வோல்ட் அழுத்தம், 4,700 ஓம் தடை என்றால், சுமார் 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் இரவுபகலாக ஓடிக்கொண்டே இருக்கும். பேனல் அதை ஓயாமல் அளக்கிறது. புகை கண்ட உணரி மின்னோட்டத்தைப் பல மடங்கு கூட்டும், அது தீ. மின்னோட்டம் பூஜ்யத்துக்கு விழுந்தால் கம்பி அறுந்துவிட்டது, அல்லது யாரோ உணரியைக் கழற்றிவிட்டார்கள், அது பழுது. ஆக, இந்த அமைப்பில் பூஜ்யம் அமைதியைக் குறிப்பதில்லை. நவீனப் பேனல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை எண் சொல்லிக் கூப்பிடுகின்றன. பதில் வராத உணரியின் எண் திரையில் வந்துவிடும்.

இத்தனை கெட்டிக்காரப் பேனலுக்கும் தெரியாதவை உண்டு. வெள்ளையடிக்கும்போது உணரிக்கு மாட்டிய பிளாஸ்டிக் மூடியை எடுக்க மறந்திருக்கலாம். புதிதாக எழுப்பிய தடுப்புச் சுவர் புகையை வேறு பக்கம் திருப்பலாம். பூச்சி புகாமல் காக்கும் வலை தூசியால் அடைபட்டிருக்கலாம். அப்போதும் மின்னோட்டம் ஒழுங்காக ஓடும், உணரி பதில் சொல்லும், புகை மட்டும் உள்ளே போகாது. அதனால்தான் நீளக் கழியின் நுனியில் கிண்ணம் பொருத்தி, செயற்கைப் புகையைப் பீய்ச்சி, ஒவ்வொரு உணரியாகச் சோதிக்க ஓர் ஆள் வரவேண்டியிருக்கிறது. சோதனைப் பொத்தானை அழுத்துவது மின்சுற்றைத்தான் சோதிக்கும். புகை நுழையும் வழியைச் சோதிக்காது.

தூசி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். கறுப்பு அறையின் சுவரில் அது படிந்தால் ஒளி எதிரொளித்து, புகையில்லாமலே மணி அடிக்கும். நாலு முறை பொய்யாக அடித்தால் ஐந்தாவது முறை யாராவது அந்தத் தளத்தையே பேனலில் அணைத்து வைத்துவிடுவார்கள். துடைக்காமல் விட்ட தூசி இப்படித்தான் ஒரு மாடி முழுவதையும் காவலில்லாமல் ஆக்குகிறது.

பேட்டரியும் ஏமாற்றும். மின்சாரம் போனால் பேனலைத் தாங்குவது இரண்டு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள். கிழடான பேட்டரி சும்மா அளந்தால் 12 வோல்ட் காட்டும். எல்லா ஹூட்டர்களும் ஒன்றாக அலறும் நேரத்தில் சரிந்துவிடும். சுமை கொடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில்நுட்பர்களின் கணக்கு. சென்னைக் கோடையில் காற்றோட்டமில்லாத மின் அறைக்குள் கிடக்கும் பேட்டரியின் கதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கருவி எல்லாம் சரியாக இருந்தும் மனிதர் தடுமாறியதற்குப் பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் சாட்சி. 2019 ஏப்ரல் 15 அன்று மாலை 6.20 மணியளவில் அங்கே உணரி சரியாகவே எச்சரித்தது. ஆனால் காவலர் போய்ப் பார்த்தது பக்கத்திலிருந்த வேறு கட்டடத்தின் பரணை. அங்கே தீ இல்லை. தவறு புரிந்து, பேராலயத்தின் கூரைக்கு ஏறிப் பார்ப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. பல நூற்றாண்டு கண்ட ஓக் மரச்சட்டங்கள் அதற்குள் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தன. பேனல் சொல்வதைப் படித்து, சரியான இடத்துக்கு ஓடத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதும் பராமரிப்பில் சேர்த்திதான்.

நம் நாட்டில் இதற்கான விதிநூல் ஐ.எஸ். 2189. உணரிகளைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது ஆகியவற்றோடு பராமரிப்பையும் அது தன் தலைப்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. நம் கட்டடங்களிலோ, பொருத்திய நாளோடு பல பேனல்களின் கதை முடிந்துவிடுகிறது. அடுத்த முறை உங்கள் அடுக்ககத்தின் பேனலைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் பழுது என்று பொருள். “அது எப்பவுமே அப்படித்தான் சார் எரியும்” என்ற பதிலை ஏற்காதீர்கள். கடைசியாகப் புகை காட்டிச் சோதித்த தேதியையும் பேட்டரி மாற்றிய தேதியையும் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். பதிவேட்டில் இரண்டும் இல்லையென்றால், உங்கள் கட்டடத்தில் தீ எச்சரிக்கை அமைப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.