மூன்று சக்கர சைக்கிள் எப்போது வாங்கலாம்?

என் மகளுக்கு இரண்டு வயது நிறைந்த வாரம் அது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இரண்டாயிரம் ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். "பாப்பாவுக்கு மூணு சக்கர சைக்கிள் வாங்கிக் குடுடா. எதிர்த்த வீட்டுப் பையன் என்னமா ஓட்டுறான். இவ அதையே பாத்துக்கிட்டு நிக்கிறா" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நான்காம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய தாடைக்கு அடியில் ஒரு தழும்பு இருக்கிறது. மூன்று தையல் போட்ட இடம். அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த மூன்று சக்கர சைக்கிளால் வந்த தழும்பு அது.

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன். மகன் விஷயத்தில் அந்தக் கணக்கையும் அறிவியலையும் நான் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. மகள் விஷயத்தில் எடுத்துச் சென்றேன். சிறு குழந்தைகள் உள்ள ஆசிரியர்களுக்கும், பெற்றோர் கூட்டங்களில் "என் பிள்ளை பின்தங்கி இருக்கிறானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியர்களுக்கும் இது பயன்படலாம் என்று எண்ணுகிறேன்.

அன்று நடந்தது

மகனுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். கடைக்காரர், "அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க சார், ஒன்றரை வயசுல இருந்து ஓட்டலாம்" என்றார். வாங்கி வந்தோம். அவன் கால் பெடலுக்கு எட்டவில்லை. பின்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்து நாங்கள் தள்ளினோம். அவன் அமர்ந்து வந்தான். சைக்கிள் என்றால் அப்பா தள்ளுவது என்றே அவன் நினைத்திருக்க வேண்டும்.

ஒரு மாலையில் அவனை வாசலில் சைக்கிளில் உட்கார வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டத் திரும்பினேன். எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காகச் சிமெண்டில் போட்ட சரிவு உண்டு. சைக்கிள் அதில் உருண்டது. பெடல்கள் வேகமாகச் சுழன்று அவன் கணுக்காலில் அடித்தன. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான். தெரு விளிம்பில் முன்சக்கரம் திரும்பிச் சைக்கிள் கவிழ்ந்தது. நான் சாவியைத் திருப்பி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. அதன்பிறகு இரண்டாம் வகுப்பு வரை அவன் எந்தச் சைக்கிளிலும் ஏறவில்லை.

வண்டிக்குள் இருக்கும் அறிவியல்

அன்று என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். சிறு குழந்தைகளுக்கான பெரும்பாலான மூன்று சக்கர சைக்கிள்களில் பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். சங்கிலி கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆக வேண்டும். பெரும்பாலானவற்றில் பிரேக்கும் கிடையாது.

முன்சக்கரத்தின் விட்டம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 25 × 3.14 = 78.5 செ.மீ. பெடலை ஒருமுறை சுற்றினால் சைக்கிள் 78.5 செ.மீ. நகரும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் கடைக்குப் போக ஏறக்குறைய 127 சுற்று மிதிக்க வேண்டும். குழந்தை சீக்கிரம் களைத்து "தள்ளு" என்று கேட்பதற்கு இதுவே காரணம். சோம்பல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதே கணக்கைச் சரிவில் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒன்றரை மீட்டர் என்பது நாம் வேகமாக நடக்கும் வேகம்தான். அந்த வேகத்தில் சைக்கிள் உருண்டால் பெடல் நொடிக்கு ஏறக்குறைய 2 சுற்று சுழலும். இரண்டு வயதுக் கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. காலைத் தூக்கிவிட்டால் நிறுத்த வேறு வழியும் இல்லை.

மூன்று சக்கரம் இருப்பதால் கவிழாது என்பதும் முழு உண்மை இல்லை. மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். குழந்தை, சைக்கிள் இரண்டின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே போடும் கோடு அந்த முக்கோணத்துக்குள் விழும் வரை சைக்கிள் நிற்கும். முக்கோணம் முன்பக்கம் குறுகலானது. குழந்தை முன்னால் குனிந்தபடி சட்டென்று திருப்பினால், திருப்பத்தின் வேகமும் சேர்ந்து சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்த்துவிடும். இருக்கை உயரமாக இருந்தால் இன்னும் எளிதில் சாயும்.

கால் எப்போது தயாராகும்?

குழந்தை வளர்ச்சிப் படிநிலைகளைப் பட்டியலிடும் மருத்துவ நூல்கள், மூன்று சக்கர சைக்கிளைப் பெடல் செய்வதை ஏறக்குறைய மூன்று வயதுத் திறனாகக் குறிப்பிடுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதை ஒட்டியே இதற்குத் தயாராகிறார்கள் என்கிறது. அதுவரை காத்திருக்கவும், வாங்கும்போது தரையோடு தாழ்ந்த, பெரிய சக்கரம் உள்ள சைக்கிளாகப் பார்க்கவும் அறிவுறுத்துகிறது.

மிதிப்பது நமக்கு ஒரே செயலாகத் தெரிகிறது. குழந்தைக்கு அது பல செயல்கள். ஒரு கால் தள்ளும்போது மறு கால் விட்டுக்கொடுக்க வேண்டும். உடல் நிமிர்ந்திருக்க வேண்டும். கை திசை திருப்ப வேண்டும். கண் முன்னால் பார்க்க வேண்டும். இவையெல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதத்தில் இது வந்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளின் நலமான குழந்தைகளைக் கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. பிடிக்காமல் தனியாக நடக்கத் தொடங்கிய வயது சிலருக்கு 8 மாதம், சிலருக்கு 17 மாதத்துக்கும் மேல். நடப்பதிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, எதிர் வீட்டுப் பையனை வைத்து என் மகளை அளப்பதில் பொருள் இல்லை.

நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்விகள்

அம்மா கொடுத்த பணத்தைத் தனியே எடுத்து வைத்தேன். நானும் மனைவியும் ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டோம்.

1. மாடிப்படியில் எப்படி ஏறுகிறாள்? ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினால், கால்கள் மாற்றி மாற்றி வேலை செய்ய இன்னும் பழகவில்லை. படிக்கு ஒரு காலாக மாற்றி ஏறத் தொடங்கினால், பெடலுக்கான நேரம் நெருங்குகிறது.

2. அளவு சரியாக இருக்கிறதா? இருக்கையில் அமர்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். பெடல் மிகத் தள்ளிப் போகும் நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். இதை அட்டைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தையைக் கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அட்டையில் உள்ள ஒன்றரை வயது, பெரியவர் தள்ள, குழந்தை உட்கார்ந்து போகும் வயது.

3. எங்கே ஓட்டுவாள்? சரிவு, படிக்கட்டு, திறந்த தண்ணீர்த் தொட்டி, வாகனம் வரும் தெரு ஆகியவை அருகில் இருக்கக் கூடாது. வழவழப்பான டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் முன்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். சமமான சிமெண்டுத் தரை நல்லது.

4. சைக்கிள் எப்படி இருக்கிறது? 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மகனுக்கு வாங்கியபோது இந்த விதி இல்லை. கழன்று வரும் சிறு உருப்படிகள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வாய்க்குப் போகும். மணி, பெடல் மூடி, கைப்பிடி உறை ஆகியவற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். இருக்கை தாழ்வாகவும் பின்சக்கரங்கள் நன்கு அகன்றும் இருக்க வேண்டும்.

5. யார் உடன் இருப்பார்கள்? நான் சாவி பூட்டும் நேரம் போதுமானதாக இருந்தது. ஓட்டும் நேரம் முழுவதும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க முடியாவிட்டால், சைக்கிளை எடுக்கக் கூடாது.

முதல் கேள்வியிலேயே விடை கிடைத்துவிட்டது. மகள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்தே ஏறினாள். மூன்றாவது கேள்விக்கும் எங்கள் வாசல் தேறவில்லை. அப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு வருத்தம்தான். "ரெண்டாயிரத்துக்கு இவ்வளவு பரீட்சையா?" என்று கேட்டார்.

காத்திருந்த மாதங்கள்

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று ஆகிவிடக் கூடாது. பெடல் இல்லாத, காலால் தரையை உந்தி ஓட்டும் சிறு வண்டி ஒன்றை என் தம்பி வீட்டிலிருந்து வாங்கி வந்தோம். கால் தரையிலேயே இருப்பதால் வேகம் அவள் கையில், இல்லை, அவள் காலில் இருந்தது. நிறுத்த வேண்டுமானால் கால் ஊன்றினால் போதும்.

மிதிவண்டியும் இப்படித்தான் வளர்ந்தது. 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இரு சக்கர வண்டியில் பெடல் இல்லை. காலால் தரையை உந்தித்தான் போனார். 1860-களில் பெடல் முன்சக்கரத்தில் பொருத்தப்பட்டது. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் மிதிவண்டி, சங்கிலி மூலம் பின்சக்கரத்தைச் சுழற்றியது. உந்துதல், நேர்ப் பெடல், சங்கிலி என்ற அதே வரிசையில்தான் நம் குழந்தைகளும் போகிறார்கள்.

நம் ஊரிலும் இதற்கு முன்னோடி உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறு தேரை உருட்டி விளையாடுகிறார்கள். கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி அந்தத் தேரின் பாதையில் தடையாகக் கிடக்கிறது. தச்சர் செய்து தரும் நடைவண்டியும் அந்த வகைதான். குழந்தை அதன் பின்னால் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, தள்ளி நடக்கிறது. உள்ளே உட்கார வைக்கும் 'வாக்கர்' வேறு வகை. விபத்துகளின் காரணமாகக் கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது.

காத்திருப்புக்கும் எல்லை உண்டு

ஒப்பிட வேண்டாம் என்று சொல்லும்போது ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 18 மாதம் ஆகியும் நடக்காத குழந்தை, மூன்று வயதிலும் அடிக்கடி விழும் குழந்தை, முன்பு செய்த ஒன்றை இப்போது செய்ய முடியாத குழந்தை ஆகியோரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். "தானா சரியாயிடும்" என்று தள்ளிப்போடக் கூடாது. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வளர்ச்சித் தாமதத்தையும் பரிசோதிக்கிறது. தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. அந்தக் குழு வரும் நாளில் "இந்தப் பிள்ளை படியேறச் சிரமப்படுகிறான்" என்று சொல்ல வேண்டியவர், தினமும் அவனைப் பார்க்கும் நாம்தான்.

வகுப்பறைக்கு

ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடத்தும்போது சைக்கிளை வகுப்புக்கே கொண்டுவரலாம். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். விட்டத்தால் வகுத்தால் 3.14-ஐ ஒட்டி விடை வரும். அடுத்து ஒரு பெரிய மிதிவண்டியின் பற்களை எண்ணலாம். நாங்கள் எண்ணியதில் முன்பக்கம் 44, பின்பக்கம் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் 66 செ.மீ. விட்டமுள்ள பின்சக்கரம் 2.44 சுற்று சுற்றி, ஏறக்குறைய 5 மீட்டர் நகரும். சங்கிலி எதற்கு என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் விடுப்பில் சென்ற நாட்களில் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வேன். பென்சிலைப் பிடிக்கவே திணறும் பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்திருக்கிறேன். நோட்டில் எழுத்து இருக்கும், எழுதியது நான். மகனின் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளியதும் அதே வேலைதான். இப்போது அப்படிப்பட்ட பிள்ளைக்குக் களிமண், மணல், புளியங்கொட்டை கொடுக்கிறேன். விரல் தயாரானதும் பென்சில் தருகிறேன்.

மகளுக்கு மூன்று வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது படிகளில் கால் மாற்றி ஏறத் தொடங்கினாள். உடன் பணிபுரியும் ஆசிரியை தன் மகனின் பழைய சைக்கிளை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்தார். பள்ளி மைதானத்து மேடையை ஒட்டிய சிமெண்டுத் தரையில் உட்கார வைத்தோம். முதலில் பின்பக்கமாக மிதித்தாள். பிறகு முன்பக்கம். யாரும் தள்ளவில்லை. அடுத்த வாரம் அம்மாவின் இரண்டாயிரத்தோடு கொஞ்சம் சேர்த்துப் புதிதாக ஒன்றும், சிறிய தலைக்கவசம் ஒன்றும் வாங்கினோம்.

வாங்குவதற்கு முன் மகனிடமும் கேட்டேன். வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். "வாங்குங்கப்பா. ஆனா வாசல்ல ஓட்டக் கூடாது" என்றான். இப்போது தினமும் மாலையில் பக்கவாட்டுச் சந்தில் அவளுடைய ஓட்டம். வாசல் சரிவு தொடங்கும் இடத்துக்கு இரண்டடி முன்னால் அவன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறான். தங்கை ஓட்டும் நேரம் முழுவதும் அந்தக் கோட்டின் மேல் காலை அகட்டி நிற்கிறான். நானும் வாசற்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே சைக்கிளை வெளியே எடுக்கிறேன்.