நிலத்தை அளந்தவர் யாருக்குப் பதில் சொல்வார்?

சென்னையை அடுத்த வானகரத்தில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்து முடிப்பதற்குள் குறைந்தது ஐந்து பேரைப் பார்த்துவிடுவீர்கள். மனையைக் காட்டும் புரோக்கர், டேப் பிடித்து மூலை காட்டும் சர்வேயர், பத்திரங்களைப் படித்து ஒப்பீனியன் எழுதும் வழக்கறிஞர், வீட்டுக்கடனுக்காக வங்கி அனுப்பும் வேல்யூயர், பிளான் போட்டு அனுமதி வாங்கித் தரும் இன்ஜினீயர். எல்லாரிடமும் விசிட்டிங் கார்டு இருக்கும். ஃபீஸ் எவ்வளவு என்று தவறாமல் கேட்கிறோம். "நீங்கள் தவறு செய்தால் உங்கள் பதிவை ரத்து செய்யக்கூடியவர் யார்?" என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தொழில் அமைப்புகள் பிறந்தன. 1868-இல் லண்டனில் சர்வேயர்கள் கூடித் தொடங்கிய சங்கம், 1881-இல் அரச சாசனம் பெற்று, இன்று ஆர்.ஐ.சி.எஸ். என்ற பெயரில் உலகம் முழுவதும் உறுப்பினர்களைக் கொண்டிருக்கிறது. தகுதித் தேர்வு, நடத்தை விதி, புகார் விசாரணை, தேவைப்பட்டால் நீக்கம் ஆகியவைதான் அதன் பலம். சென்னையிலும் சில கார்டுகளில், அதன் உறுப்பினர் என்பதைக் குறிக்கும் எம்.ஆர்.ஐ.சி.எஸ். என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். அது தொழில் தகுதிக்குச் சான்று. நம் ஊரில் எல்லை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அது தராது. அமைப்பு பெரியது என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. உள் தணிக்கை எச்சரிக்கையைக் கிளப்பிய இயக்குநர்கள் நீக்கப்பட்டது தவறு என்று தனி விசாரணை சொன்னபின், 2021-இல் ஆர்.ஐ.சி.எஸ். தலைமை நிர்வாகியே பதவி விலக நேர்ந்தது.

இந்தியாவில் இந்த ஐந்து பேருக்கும் பொதுவான ஒரே அமைப்பு இல்லை. ஆளுக்கு ஆள் கதவு வேறு. எந்தக் கதவு யாருடையது என்பதை வாங்குகிறவர்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்வேயர்

1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் வழித்தோன்றல்தான் கிண்டிப் பொறியியல் கல்லூரி. அவ்வளவு பழைய தொழில். ஆனாலும் வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் தனியார் சர்வேயருக்குச் சட்டப்படியான கவுன்சில் கிடையாது. இந்திய சர்வேயர்கள் நிறுவனம் போன்றவை விருப்பத்தின் பேரில் சேரும் அமைப்புகள்.

எல்லையைத் தீர்மானிக்கும் அதிகாரம் 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அரசின் நில அளவைத் துறைக்கே உண்டு. தனியார் சர்வேயர் எவ்வளவு நவீனக் கருவி கொண்டு அளந்தாலும், அந்த அளவு பக்கத்து மனைக்காரரைக் கட்டுப்படுத்தாது. எனவே கிரயத்துக்கு முன், எல்லையை அளந்து காட்டக் கோரும் எஃப்-லைன் மனுவை அந்தத் துறையிடம் போடச் சொல்லி விற்பவரைக் கேளுங்கள். கட்டணத்தை அரசுக்குச் செலுத்தி ரசீது வாங்க வேண்டும். பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போன பிறகே அளவை நடக்க வேண்டும். துறையின் உரிமம் பெற்ற நில அளவர் என்று ஒருவர் சொன்னால், உரிமத்தைக் காட்டச் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலகிலும் கவனம் வேண்டும். புரோக்கர் கிரவுண்டில் பேசுவார், பழைய பத்திரம் சென்ட்டில் இருக்கும், பட்டா ஹெக்டேர், ஏர்ஸில் இருக்கும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட். பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பார்த்தாலே பல சிக்கல்கள் கண்ணில் பட்டுவிடும்.

வேல்யூயர்

2013 கம்பெனிகள் சட்டத்தின் கீழ், 2017 விதிகளின்படி, நிலம் மற்றும் கட்டடம், இயந்திரங்கள், பங்கு முதலான நிதிச் சொத்துகள் என மூன்று பிரிவுகளில் மதிப்பீட்டாளர்கள் பதிவு பெறுகிறார்கள். பதிவு தருவதும் ரத்து செய்வதும் ஐ.பி.பி.ஐ. என்ற திவால் வாரியம். பதிவு பெற்றவர் மீது அங்கேயே புகார் தரலாம். ஆனால் வீட்டுக்கடனுக்காக வருபவர் வங்கியின் பேனலில் இருப்பவர். அவர் அறிக்கை வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. நீங்கள் கொடுக்கும் விலை நியாயமா என்பது அதன் கவலை இல்லை. "பேங்கே லோன் கொடுத்துடுச்சு, அப்புறம் என்ன சார்?" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

மதிப்பீட்டாளர்களுக்கென்று தனிச் சட்டமும் தேசிய அமைப்பும் வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2020-இல் வரைவு மசோதாவே கொடுத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

புரோக்கர்

2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளோ விற்கும் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அத்தகைய திட்டத்தில் விற்றுத் தரும் முகவரும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தனி ஒருவர் தம் பழைய வீட்டை மறுவிற்பனை செய்யும்போது இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அங்கே உங்கள் பிடி ஒப்பந்தமும் ரசீதும்தான்.

வழக்கறிஞர், இன்ஜினீயர்

வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. ஒப்பீனியனில் தொழில் ஒழுங்கீனம் இருந்தால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் தரலாம். ஆர்க்கிடெக்ட்டுக்கு 1972 சட்டப்படி கவுன்சில் உண்டு. சிவில் இன்ஜினீயருக்கு அப்படி இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் கீழ் அவர் பெற்ற பதிவு எண்ணே பிடி.

இது வெறும் காகிதச் சம்பிரதாயம் இல்லை. 2014 ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் திட்ட அனுமதி இருந்தது. அனுமதி என்பது வரைபடத்துக்கு. மண் பரிசோதனைக்கும் கம்பிக்கும் அஸ்திவாரத்துக்கும் கையெழுத்துப் போட்டவர் யார் என்பது தனிக் கேள்வி. அடுக்குமாடியில் வீடு வாங்கினால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வானகரத்தில் எங்கே இடறும்?

கூவம் ஓடும் பகுதி இது. மனை ஆற்றுப் புறம்போக்கையோ கால்வாயையோ தொடுகிறதா என்பதை அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் பாருங்கள். பட்டா வருவாய்த் துறை ஆவணம். அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. தாய்ப்பத்திரத் தொடர்ச்சியும் வில்லங்கச் சான்றும் சேர்ந்து பேச வேண்டும்.

அடுத்தது அங்கீகாரம் இல்லாத மனைகள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றின் பதிவுக்குத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்தத் தேதிக்குப் பின் பிரித்த மனைக்கு அந்தச் சலுகை இல்லை. "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்றால், வரன்முறை உத்தரவின் நகலைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் அங்கீகார எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வெவ்வேறு. இரண்டையும் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால்

* பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில், பதிவான விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம். சொன்னபடி ஒப்படைக்காவிட்டால் வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். நில உரிமையில் குறை இருந்து நஷ்டம் வந்தால், அந்த இழப்பீட்டுக்குக் காலவரம்பே கிடையாது. இவற்றுக்கு ஒழுங்குமுறை ஆணையம். அதன் உத்தரவுமீது 60 நாளில் மேல்முறையீடு.
* பட்டாவில் தவறு என்றால் வட்டாட்சியர். அவர் உத்தரவுமீது கோட்டாட்சியர். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். எல்லைத் தகராறு முற்றினால் உரிமையியல் நீதிமன்றம்.
* வேல்யூயர், தனியார் சர்வேயர், இன்ஜினீயர் சேவையில் குறை என்றால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.
* போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் காவல் ஆணையரகத்தின் மத்தியக் குற்றப்பிரிவு. அளக்க லஞ்சம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறை.

இந்தக் கதவுகள் எல்லாம் ஒரே ஒரு தாளைக் கேட்கும்: யார், எந்தப் பதிவு எண்ணில், என்ன வேலைக்கு, எவ்வளவு பணம் வாங்கினார் என்று தேதியுடன் கையெழுத்தான ரசீது. சர்வேயர் அளந்த படத்தில் கையெழுத்துப் போட மறுத்தால், புரோக்கர் கமிஷனுக்கு ரசீது தர மறுத்தால், வேலை தொடங்கும் முன்பே வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. தாம் செய்த வேலைக்குப் பொறுப்பேற்க அவர் தயாரில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.