ஸ்போர்ட் காம்பாக்ட் டிராக் பந்தயம்

ஸ்போர்ட் காம்பாக்ட் டிராக் பந்தயம் என்பது சிறிய ரகக் கார்களைக் கொண்டு நேரான தடத்தில் குறுகிய தூரத்திற்கு நடத்தப்படும் வேகப் பந்தயம் ஆகும். இரண்டு கார்கள் அருகருகே உள்ள பாதைகளில், நின்ற நிலையிலிருந்து புறப்படுகின்றன. வழக்கமான தூரம் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். அதில் பாதியான 201 மீட்டர் தூரத்திற்கும் பல தடங்களில் பந்தயம் நடைபெறுகிறது. அமெரிக்காவில் வேரூன்றிய இவ்விளையாட்டில், அன்றாடம் வேலைக்கு ஓட்டிச் செல்லும் காரைக் கொண்டே ஒருவர் கலந்துகொள்ள முடியும். பெரிய எஞ்சின் இருந்தால்தான் வெல்லலாம் என்பது பரவலான எண்ணம். தொடக்கநிலைப் பந்தயங்களில் அது உண்மையன்று என்பதைக் கீழே உள்ள கணக்கு காட்டும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின், தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பழைய கார்களைத் திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளிலும் விமானத் தளங்களிலும் வேகத்தைச் சோதித்து வந்தனர். பலர் பொதுச் சாலைகளிலும் போட்டியிட்டனர். 1950ஆம் ஆண்டு சாண்டா அனா நகர விமானத் தளத்தில் முறையான டிராக் பந்தயங்கள் தொடங்கின. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை (சுருக்கமாக என்.எச்.ஆர்.ஏ.) நிறுவினார். சாலையில் நடந்த போட்டிகளை விதிகளும் பாதுகாப்பும் உள்ள தடங்களுக்குக் கொண்டுவருவது அதன் முக்கிய நோக்கமாக இருந்தது.

பல ஆண்டுகள் இவ்விளையாட்டில் அமெரிக்காவின் பெரிய வி-8 எஞ்சின் கார்களே கோலோச்சின. 1990களில் தெற்குக் கலிபோர்னியாவில் ஆசிய அமெரிக்க இளைஞர்கள் உள்ளிட்ட புதிய தலைமுறையினர் ஹோண்டா சிவிக், அக்யூரா இன்டெக்ரா, மிட்சுபிஷி எக்லிப்ஸ் போன்ற நான்கு சிலிண்டர் கார்களுடன் களமிறங்கினர். 1990இல் பாம்டேல் நகரத் தடத்தில் 'பேட்டில் ஆஃப் தி இம்போர்ட்ஸ்' என்ற இறக்குமதிக் கார்களுக்கான பந்தயம் தொடங்கியது. 2001இல் என்.எச்.ஆர்.ஏ. இவ்வகைக் கார்களுக்குத் தனித் தொடர் ஒன்றைத் தொடங்கி, 2007 வரை நடத்தியது. அதே 2001இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' திரைப்படம் இக்கார்களை உலகெங்கும் பிரபலமாக்கியது. ஆனால் படத்தில் முன்னிறுத்தப்பட்டது சாலைப் பந்தயம்.

சாலையா, தடமா?

பந்தயத் தடத்தின் இருபுறமும் தடுப்புச் சுவர் இருக்கும். தொடக்கப் பகுதியில் டயர் பிடிப்பதற்காகப் பிசின் போன்ற கலவை தெளிக்கப்பட்டிருக்கும். முடிவுக் கோட்டிற்கு அப்பால் வேகத்தைக் குறைத்து நிறுத்த நீண்ட இடம் இருக்கும். தீயணைப்பு, மருத்துவ உதவிக் குழுக்கள் அருகில் காத்திருக்கும். பொதுச் சாலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குறுக்கே வரும் வண்டியையும் நடந்து செல்பவரையும் எந்த ஓட்டுநரின் திறமையாலும் தடுக்க முடியாது. அங்கு பறிபோகும் உயிர், பந்தயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவருடையதாகவும் இருக்கலாம்.

மற்றொரு காரணமும் உண்டு. சாலையில் நேரம் துல்லியமாக அளக்கப்படுவதில்லை. எனவே அங்கு ஓட்டுபவர் தம் தவறு எது என்பதை அறியாமலேயே இருந்துவிடுகிறார். இந்தியாவிலும் பொது இடத்தில் அனுமதியின்றி வேகப் பந்தயத்தில் ஈடுபடுவது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

அமெரிக்கத் தடங்கள் பலவற்றில் 'டெஸ்ட் அண்ட் டியூன்' எனப்படும் பயிற்சி நாள்கள் நடத்தப்படுகின்றன. நுழைவுக் கட்டணம் செலுத்தி, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, காரைப் பரிசோதனைக்கு உட்படுத்தினால் எவரும் ஓட்டலாம். புதியவர் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

காரை ஆயத்தப்படுத்துதல்

முதல் நாளுக்குக் காரில் எந்த மாற்றமும் தேவையில்லை. நல்ல பராமரிப்பே போதும். புறப்படுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

- எஞ்சின் எண்ணெய், குளிர்விப்பு நீர், பிரேக் எண்ணெய் ஆகியவற்றின் அளவு சரியாக இருக்க வேண்டும். எங்கும் கசிவு இருக்கக் கூடாது.
- டயர்களில் வெடிப்போ கம்பி தெரியும் தேய்மானமோ இருக்கக் கூடாது. சக்கர நட்டுகள் உரிய அளவில் முறுக்கப்பட்டிருக்க வேண்டும்.
- பேட்டரி அசையாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.
- சீட் பெல்ட் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.
- காருக்குள்ளும் டிக்கியிலும் உருளக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பிரேக் மிதியின் அடியில் உருண்டு சிக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் பெரும் விபத்தை உண்டாக்கிவிடும்.

ஓட்டுநர் முழுக்காற்சட்டையும் விரல்களை மூடிய காலணியும் அணிய வேண்டும். என்.எச்.ஆர்.ஏ. விதிகளின்படி, கால் மைலை 13.99 வினாடியிலோ அதற்கும் குறைவாகவோ கடக்கும் கார்களுக்குத் தரச்சான்று பெற்ற ஹெல்மெட் கட்டாயம். அதைவிட மெதுவான காரை ஓட்டுபவரும் ஹெல்மெட் அணிவது நல்லது. கார் மேலும் வேகம் பெறும்போது, உள்ளே உருள்கம்பிச் சட்டம், சிறப்பு இருக்கைப் பட்டை, தனிப் பந்தய உரிமம் எனத் தேவைகள் படிப்படியாகக் கூடும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் அந்தந்த ஆண்டின் விதிநூலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கக் கோட்டில்

கார் முதலில் தண்ணீர் தெளித்த ஒரு பள்ளத்தை அடையும். பந்தய டயர் பொருத்திய கார்கள் அந்த ஈரத்தில் சக்கரத்தைச் சுழற்றி டயரைச் சூடாக்கும். சாதாரணச் சாலை டயர் உள்ள கார் இதைச் சுற்றிச் செல்ல வேண்டும். ஏனெனில் சாலை டயரின் வரிப்பள்ளங்களில் தண்ணீர் தங்கித் தொடக்கக் கோடு வரை வந்து வழுக்கும். குளிர்சாதனத்தையும் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். அதிலிருந்து சொட்டும் நீர் தடத்தை நனைக்கும்.

இரு பாதைகளுக்கும் நடுவே நிற்கும் விளக்குக் கம்பம் 'கிறிஸ்துமஸ் மரம்' எனப்படுகிறது. இது 1963இல் அறிமுகமானது. கார் மெல்ல முன்னேறி முதல் ஒளிக்கதிரை மறைக்கும்போது 'ப்ரீ-ஸ்டேஜ்' விளக்கும், மேலும் சில அங்குலங்கள் நகர்ந்து இரண்டாம் கதிரை மறைக்கும்போது 'ஸ்டேஜ்' விளக்கும் எரியும். இரு கார்களும் ஆயத்தமானதும் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். மேலும் அரை வினாடியில் பச்சை எரியும். பச்சைக்கு முன் கார் நகர்ந்தால் சிவப்பு எரிந்து தோல்வி உறுதியாகும். ஆனாலும் பச்சையைக் கண்ட பின் கிளட்சை விடுபவர் பிந்திவிடுவார். மூளை உணர்ந்து, கால் அசைந்து, கார் நகரச் சிறிது நேரம் ஆவதால், அனுபவசாலிகள் கடைசி மஞ்சள் விளக்கிலேயே புறப்படுகின்றனர்.

நேரச் சீட்டு

ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு வழங்கப்படும். 160 குதிரைத்திறன் கொண்ட ஒரு சிவிக் காரின் சீட்டு ஏறத்தாழ இவ்வாறு இருக்கலாம்:

- எதிர்வினை நேரம்: 0.612
- 60 அடி: 2.35
- 330 அடி: 6.58
- 660 அடி: 10.15; வேகம் மணிக்கு 70 மைல்
- 1000 அடி: 13.20
- 1320 அடி: 15.80, வேகம் மணிக்கு 88 மைல்

எதிர்வினை நேரம் என்பது பச்சை எரிந்ததற்கும் கார் ஸ்டேஜ் கதிரை விட்டு அகன்றதற்கும் இடைப்பட்ட நேரம். மற்ற எண்கள் கார் நகர்ந்த கணத்திலிருந்து அளக்கப்படுபவை. ஆகவே தாமதமாகப் புறப்பட்டாலும் ஓட்ட நேரம் கூடாது. ஆனால் பந்தயம் கைநழுவிப் போகலாம். மேலே உள்ள சீட்டில் இந்த ஓட்டுநர் அரை வினாடிக்கும் மேலாகத் தொடக்கத்திலேயே இழந்துவிட்டார்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது 60 அடி நேரம். ஸ்போர்ட் காம்பாக்ட் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயங்குபவை. வேகமாகப் புறப்படும்போது காரின் எடை பின்புறம் சாய்கிறது. அதனால் இயக்கும் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து அவை வீணே சுழல்கின்றன. இதைச் சமாளிக்க, எஞ்சின் சுழற்சியை மிக உயர்த்தாமல் கிளட்சைச் சற்று நழுவவிட்டுப் புறப்பட வேண்டும். முன் டயர்களில் காற்றை அளவோடு குறைப்பதும் உண்டு. ஓட்டம் முடிந்து சாலைக்குத் திரும்பும் முன் காற்றை மீண்டும் நிரப்ப மறக்கக் கூடாது. 60 அடியில் மிச்சப்படும் நேரம் கால் மைல் முடிவில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே பலன் தரும்.

முடிவு வேகம் எஞ்சினின் வலிமையைக் காட்டும். வேகம் நன்றாக இருந்தும் நேரம் மோசமாக இருந்தால், குறை காரில் இருப்பதைவிடப் புறப்பாட்டில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மெதுவான கார் வெல்லும் விதம்

தொடக்கநிலையாளர்களுக்கு ஏற்றது 'பிராக்கெட்' பந்தயம். இதில் ஒவ்வொருவரும் தம் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இதற்கு 'டயல்-இன்' என்று பெயர். இரு கார்களின் டயல்-இன் வேறுபாட்டுக்கு ஏற்ப மெதுவான காருக்கு முதலில் பச்சை எரியும். அறிவித்ததைவிடக் குறைந்த நேரத்தில் ஓடினால் அது 'பிரேக்-அவுட்', அதாவது தோல்வி. இருவருமே அவ்வாறு ஓடினால், குறைவாக மீறியவர் வெல்வார்.

ஓர் எடுத்துக்காட்டு: முதல் காரின் டயல்-இன் 16.00, இரண்டாம் காரின் டயல்-இன் 14.00 எனக் கொள்வோம். முதல் காருக்கு 2 வினாடி முன்னதாகப் பச்சை எரியும்.

முதல் கார்: எதிர்வினை 0.080, ஓட்டம் 16.02. மொத்தம் 16.100 வினாடி.

இரண்டாம் கார்: காத்திருப்பு 2.000, எதிர்வினை 0.150, ஓட்டம் 14.01. மொத்தம் 16.160 வினாடி.

இரண்டாம் கார் 2 வினாடி வேகமானது. தன் டயல்-இன்னுக்கும் அதுவே மிக நெருங்கி ஓடியது. எனினும் முதல் கார் 0.060 வினாடி முன்னதாகக் கோட்டைக் கடந்து வென்றது. வெற்றியைத் தீர்மானித்தது ஓட்டுநரின் விழிப்பு. தம் காரை உள்ளபடி அறிந்து, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக ஓட்டுபவருக்கே இப்பந்தயம் சாதகமானது.

மேம்பாடும் பதிவேடும்

புதியவர்கள் பலர் முதலிலேயே டர்போவோ நைட்ரஸ் ஆக்சைடு கருவியோ வாங்க விரும்புவர். எரிபொருள் அளவைச் சரிசெய்யாமல் அவற்றைப் பொருத்தினால் பிஸ்டன் உருகி எஞ்சின் பாழாகலாம். நல்ல டயர், நல்ல கிளட்ச், ஓட்டுநரின் பயிற்சி என்ற வரிசையே செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் ஆகும்.

ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். நேரச் சீட்டு, டயர்க் காற்றழுத்தம், புறப்பட்டபோது எஞ்சின் சுழற்சி, காற்றின் வெப்பநிலை ஆகியவற்றைக் குறிக்கலாம். வெப்பக் காற்றில் அடர்த்தி குறைவு; அதனால் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. நண்பகலைவிட இரவில் அதே கார் வேகமாக ஓடுவதற்கு இதுவே காரணம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சில ஓட்டங்கள் ஓடிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் பலன் கிடைத்தது என்பது தெரியாமல் போகும். பள்ளி ஆய்வுக்கூடச் சோதனைக்குரிய அதே விதிதான் இது.

முடிவுக் கோட்டிற்குப் பின்

விபத்து கோட்டைக் கடந்த பிறகும் நேரலாம். வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; மற்றக் காரின் குறுக்கே ஒருபோதும் திரும்பக் கூடாது. எஞ்சினிலிருந்து எண்ணெயோ நீரோ கசிவதாக ஐயம் எழுந்தால், வெற்றியைப் பற்றி எண்ணாமல் உடனே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். தடத்தில் சிந்திய எண்ணெய் அடுத்து வருபவரின் உயிருக்கு ஆபத்தாகும். முடிவில், டயர்க் காற்றைச் சரிசெய்து, வேக வரம்பை மதித்து வீடு திரும்ப வேண்டும். தடத்தில் கற்ற வேகத்திற்குச் சாலையில் இடமில்லை.